ஆறு படுக்கையும் 740 கிலோவும்: பாண்டியில் வாடகைக்கு எடுத்த கேரவன்

கடந்த மே மாதப் பள்ளி விடுமுறையில், பாண்டிச்சேரியில் கேரவன் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்திடம் மூன்று நாளுக்கு வண்டி எடுத்து, பிச்சாவரம் வரை குடும்பத்தோடு போய்வந்தோம். குறை சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நிறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். படுக்கை விரிப்புகள் சலவை மணத்தோடு இருந்தன. ஏசி மே மாத வெயிலுக்கு ஈடுகொடுத்தது. கழிவறையில் வாடை இல்லை. உடன் வந்த ஓட்டுநர் பொறுமைசாலி. சினிமாக்காரர்களின் கேரவனைப் படப்பிடிப்புத் தளத்தில் எட்ட நின்று பார்த்த என் பிள்ளைகளுக்கு, உள்ளே ஏறியதே பெரிய கொண்டாட்டம்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. ‘ஆறு பேர் படுக்கலாம்’ என்று சொல்லி வாடகை பேசியவர்கள், அந்த ஆறு பேரும் ஏறிய பிறகு வண்டி இன்னும் எத்தனை கிலோ தாங்கும் என்பதைச் சொல்லவில்லை. கேட்டபோதும் அவர்களிடம் பதில் இல்லை.

ஆர்சி புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 4,000 கிலோ, காலி எடை 3,260 கிலோ என்றிருந்தது. மீதி 740 கிலோ தாராளம் என்றுதான் எவருக்கும் தோன்றும். சட்டப்படி காலி எடையில் ஓட்டுநரின் எடை சேராது என்பதால், என் பெற்றோர், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், ஓட்டுநர் என்று ஏழு பேருக்கும் இந்த 740 கிலோவில்தான் இடம். எங்கள் எடை மட்டும் 430 கிலோ வந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ ஆகையால், 120 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 120 கிலோ. பெட்டி, பாத்திரம், மடக்கு நாற்காலி, குடிதண்ணீர் கேன்கள் எல்லாம் சேர்த்து 130 கிலோ. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அவர்களே பின்பக்கக் கேரியரில் கட்டிவிட்ட ஜெனரேட்டர் 50 கிலோ. கூட்டினால் 730. காகிதத்தில் பத்து கிலோ மிச்சம் இருந்தது.

கடலூர் வரை ஸ்டீயரிங் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுவதாக ஓட்டுநரே இரண்டு முறை சொன்னார். ஒவ்வொரு வேகத்தடையிலும் வால்பகுதி ‘தட்’டென்று இறங்கியது. சிப்காட் அருகே லாரிகளுக்கு எடை போடும் மேடையைக் கண்டதும், வண்டியை உள்ளே விடச் சொன்னேன். முழு வண்டியும் ஏறியபோது திரையில் 4,180 என்று வந்தது. காகிதக் கணக்கைவிட 190 கிலோ அதிகம். இது எங்கிருந்து வந்தது என்று படுக்கையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பதிவு செய்த பிறகு பொருத்திய இரண்டு டியூபுலர் பேட்டரிகள் உள்ளே உட்கார்ந்திருந்தன; ஒன்றே ஏறக்குறைய 55 கிலோ இருக்கும். கூரையில் சோலார் தகடுகள், பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் துணிப்பந்தல், பின்னால் அந்தக் கேரியர் ஆகியவையும் பிறகு சேர்ந்தவையே. வசதி கூடக்கூட அதற்கேற்ப வண்டியின் காலி எடையும் கூடுகிறது, புத்தகத்தில் உள்ள எண் மட்டும் பழையபடியே இருக்கிறது.

மேடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை எடை போட்டோம். முன்னால் 1,430, பின்னால் 2,750. ஓட்டுநர் கதவருகே இருந்த தகட்டில் பின் அச்சுக்கு 2,600 கிலோதான் வரம்பு. “டயர் தாங்கும் சார்” என்றார் ஓட்டுநர். அவர் சொன்னதில் தவறில்லை. டயரில் 112/110 என்று பொறித்திருந்தது. ஒற்றை டயராக ஓடினால் ஒன்றுக்கு 1,120 கிலோ, ஜோடியாக ஓடினால் ஒன்றுக்கு 1,060 கிலோ என்பது அதன் பொருள். பின்னால் நான்கு டயர்கள், ஆக 4,240 கிலோ. ஆனால் டயர் தாங்குவதால் அச்சும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் தாங்கிவிடும் என்று ஆகாது. இருப்பதில் எது குறைவோ அதுதான் வரம்பு.

ஸ்டீயரிங் லேசானதற்குக் காரணம் அந்தக் கேரியர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.35 மீட்டர், கேரியரோ பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்குகிறது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் ஏற்றம்போலத்தான் கணக்கு: அங்கே வைத்த 50 கிலோ, பின் அச்சில் 72 கிலோவாக அழுத்தி, முன் அச்சிலிருந்து 22 கிலோவைத் தூக்கிவிடுகிறது. திசை திருப்ப வேண்டிய சக்கரங்களின் பிடி இப்படித்தான் குறைகிறது.

அங்கேயே தொட்டியின் குழாயைத் திறந்து 100 லிட்டரை வெளியேற்றினோம். “மே மாசத்துல தண்ணியைக் கொட்டுறியேடா” என்று அம்மா கடிந்துகொண்டார். ஜெனரேட்டரையும் இரண்டு இருபது லிட்டர் கேன்களையும் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த மைத்துனர் எடுத்துச் சென்றார். மேலடுக்கில் இருந்த குக்கரையும் அரிசிப் பையையும் இரு அச்சுகளுக்கும் நடுவே தரையில் வைத்துக் கட்டி, மேலே துணிமணிகளை மட்டும் விட்டோம். மறுபடி எடை போட்டதில் மொத்தம் 3,990, பின் அச்சில் 2,560. அதன்பிறகு சிதம்பரம் வரை வண்டி வேறு வண்டிபோல அடக்கமாக ஓடியது. தண்ணீரைப் பிச்சாவரத்தில் பிடித்துக்கொண்டோம்.

திரும்பி வந்து எடைச் சீட்டைக் காட்டியபோது, “எல்லாரும் இப்படித்தான் சார் போறாங்க” என்றார் மேலாளர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பின், மிகை எடைக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. ஓட்டுபவரோடு ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. அதை எடுத்துச் சொன்ன பிறகு சீட்டை ஒரு நகல் எடுத்துக்கொண்டார். இப்போதைய நிலையில் அந்த வண்டி நான்கு பேருக்கு அருமையானது. ஆறு பேருக்கு வேண்டுமென்றால் பேட்டரி ஒன்றையும் கேரியரையும் கழற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கழற்றித் தந்தால் நானும் மறுபடி எடுப்பேன்.

வரும் வழியில் பண்ருட்டியில் அப்பா ஐந்து பலாப்பழம் கேட்டார். தொட்டி காலியாக இருந்ததால் இரண்டுக்கு ஒத்துக்கொண்டேன், அதுவும் என் காலடியில்.