கோட் ரீடரா, ப்ளூடூத் அடாப்டரா, இருவழி ஸ்கேனரா?

செக் இன்ஜின் லைட் எரிந்தால் காரைக் கேட்க மூன்று வகைக் கருவிகள் இருக்கின்றன. கோளாறு எண்ணை மட்டும் காட்டும் சின்ன கோட் ரீடர், போனோடு சேர்ந்து வேலை செய்யும் ப்ளூடூத் அடாப்டர், காருக்குக் கட்டளையும் அனுப்பக்கூடிய இருவழி ஸ்கேனர். சொந்தக் காரைத் தானே பார்த்துக்கொள்பவருக்கு என் ஓட்டு நடுவில் இருப்பதற்குத்தான். உள்ளே இருக்கும் சிப் உருப்படியாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கோட் ரீடரைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் எண் வரும், வேண்டுமானால் அழிக்கலாம். போன், ஆப் என்ற தொல்லை இல்லை. பி0301 (முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது) என்று வந்து, முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை இரண்டாவதோடு மாற்றிப் போட்டதும் பி0302 (இரண்டாவதில் தவறுகிறது) ஆக மாறினால், காயில்தான் குற்றவாளி. இந்த மாதிரி நேரடி வேலைக்கு அது போதும்.

சிக்கல் பி0171-இல் தொடங்குகிறது. கலவை லீன், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்பது மட்டுமே இதன் பொருள். பலர் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த சென்சார் உள்ளதைச் சொன்னதைத் தவிர வேறு தவறு செய்திருக்காது. இன்டேக் ஹோஸில் வெடிப்பு, பிசிவி குழாய் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) கழன்றது, மாஃப் சென்சாரில் (உள்ளே போகும் காற்றை அளப்பது) அழுக்கு, பெட்ரோல் பம்பு தளர்ந்தது, சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிவு என எல்லாமே இதே எண்ணைத்தான் எழுப்பும். இவற்றைப் பிரித்துக் காட்டுவது, ஓடும் இன்ஜினின் அளவுகளை உடனுக்குடன் காட்டும் லைவ் டேட்டாவில் வரும் ஃபியூயல் ட்ரிம். கலவையைச் சரிசெய்ய கார் கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது.

பார்க்கும் முறை இது. இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும். கூலன்ட் 85 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஷார்ட் டெர்ம் ட்ரிம் (அந்த நொடியின் திருத்தம்), லாங் டெர்ம் ட்ரிம் (நாளடைவில் பழகிய திருத்தம்) இரண்டையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை பத்து சதவீதத்துக்குள் மேலும் கீழும் ஆடினால் கவலை இல்லை. ஐடிலில் +22 இருந்து, 2500 ஆர்பிஎம்-இல் +4 ஆகக் குறைந்தால் அது வாக்குவம் லீக், அதாவது அளக்கப்படாத காற்று ஓட்டை வழியே உள்ளே வருகிறது. ஓட்டை வழியே வரும் காற்றின் அளவு பெரிதாக மாறுவதில்லை. ஐடிலில் இன்ஜின் இழுக்கும் கொஞ்சக் காற்றில் அது பெரும் பங்கு, வேகத்தில் சிறு பங்கு. இதற்கு நேர்மாறாக ஐடிலில் +5, மேட்டில் ஏறும்போது +20 என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது மாஃப் குறைத்து அளக்கிறது. இந்த இரண்டில் எது என்று அறிய, சூடான இன்ஜினில் ஏசியை அணைத்துவிட்டு ஐடிலில் மாஃப் காட்டும் எண்ணைப் பாருங்கள். இன்ஜின் கொள்ளளவில் ஒரு லிட்டருக்கு நொடிக்கு ஒரு கிராம் அளவுக்கு வர வேண்டும் என்பது தோராயக் கணக்கு. அதைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் முதலில் சென்சாரைச் சுத்தம் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மாஃப் இல்லாமல் மேப் சென்சாரை (இன்டேக்கில் உள்ள அழுத்தத்தை அளப்பது) வைத்து ஓடும் இன்ஜின்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே கசிந்து வரும் காற்றையும் மேப் கணக்கில் சேர்த்துவிடும். ட்ரிம் அவ்வளவாக நகராது. ஐடில் ஆர்பிஎம்தான் ஏறும்.

இவ்வளவையும் நம்பிப் பார்க்க, எண்கள் வேகமாக வர வேண்டும். மலிவான அடாப்டர்கள் சறுக்குவது இங்கேதான். சாதாரண ஆக்சிஜன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்கு இடையே ஓயாமல் ஊசலாடும். ஒரே நேரத்தில் ஐந்தாறு அளவுகளைத் திரையில் போட்டால் அடாப்டர் ஒவ்வொன்றையும் முறைவைத்துத்தான் கேட்கிறது. மெதுவான சிப் என்றால் அந்த ஊசல் பாதி மறைந்து, கிராஃப் மொட்டையாகத் தெரியும். நல்ல சென்சார் குப்பைக்குப் போகும். ஆகவே ஒரு நேரத்தில் மூன்று அளவுகளுக்கு மேல் போடாதீர்கள்.

சிப்பைத் தேர்வதில் ஒரு வேடிக்கை. இந்த அடாப்டர்களுக்கு அடிப்படையான சிப் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் இஎல்எம்327. பெட்டியில் இஎல்எம்327 பதிப்பு 1.5 என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணில் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் எந்தப் பதிப்பையும் வெளியிட்டதே இல்லை. 2.1 என்று விற்கும் நகல்களில் பல, சில கட்டளைகளுக்குப் பதிலே தராது. கேன் (காரின் கணினிகள் தமக்குள் பேசும் இன்றைய முறை) வருவதற்கு முந்தைய பழைய கார்களோடு பேசத் தெரியாதவையும் உண்டு. அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் எஸ்டிஎன் வகை சிப் உள்ளதை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. ஐபோன் வைத்திருப்பவர்கள் ப்ளூடூத் எல்இ அல்லது வைஃபை அடாப்டர்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய வகை ப்ளூடூத் நகல்கள் அதில் இணையாது.

எந்தக் கருவியாக இருந்தாலும் அழிக்கும் பொத்தானைக் கடைசியில் தொடுங்கள். அழித்தால் எண்ணோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும். கோளாறு பதிவான நொடியில் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் வெப்பம் என்னவாக இருந்தன என்பது அதில்தான் இருக்கிறது. புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கார் தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர்களும் பூஜ்யத்துக்குத் திரும்புவதால், புகைச் சோதனைக்கு முன் அழிப்பது வீண் வேலை.

இருவழி ஸ்கேனரின் பலம் வேறு. பர்ஜ் வால்வைத் (பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வு) திற, ரேடியேட்டர் ஃபேனை ஓட்டு என்று உத்தரவு போட்டுச் சோதிக்கலாம். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பின் பேடு மாற்ற காலிப்பரைப் பின்வாங்க வைக்கலாம். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றலாம். பல கார்கள் கைமாறும் பட்டறைக்கு அது இல்லாமல் முடியாது. ஒரு காருக்காக வாங்குவோர் சந்தாவைக் கணக்கில் வையுங்கள்: இலவசக் காலம் முடிந்தால் சில கருவிகள் பழைய தரவோடு தொடர்ந்து ஓடும், சிலவற்றில் வசதிகளே பூட்டிக்கொள்ளும். வாங்கும் முன் இதை விசாரியுங்கள்.

டீசலில் மட்டும் என் சாய்வு தளர்கிறது. இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் திருத்த அளவு, கட்டாய டிபிஎஃப் ரீஜெனரேஷன் (புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துவிடுவது) போன்றவை எல்லா கார்களுக்கும் பொதுவான ஓபிடி தரவுக்குள் வராது. கம்பெனி தரவு வேண்டும். சில ஆப்கள் சில கார்களுக்கு அதையும் தருகின்றன என்றாலும், அதை நம்பி அடாப்டரோடு நிறுத்துங்கள் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அடாப்டரைச் செருகியபடியே விடும் பழக்கம் வேண்டாம். சாக்கெட்டின் 16-ஆம் பின்னுக்கு பேட்டரி மின்சாரம் எப்போதும் வருகிறது. 50 மில்லிஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி மூன்று வாரத்துக்குள் பாதிக்கு மேல் இறங்கிவிடும்.