டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: கல்யாண மிக்சிங் மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

புதுச்சேரியிலும் கடலூரிலும் கல்யாண வீடியோ மிக்சிங் (எடுத்த காட்சிகளை வெட்டித் தொகுக்கும் வேலை) செய்பவர்களின் மேசைகளில் நெடுங்காலமாக எடியஸ், பிரீமியர் என்னும் எடிட்டிங் மென்பொருள்கள்தான் இருந்து வருகின்றன. அவற்றுள் பல, கணினியை அசெம்பிள் செய்து கொடுத்த கடைக்காரரே "எல்லாம் போட்டுத் தந்துவிட்டேன்" என்று ஏற்றிக் கொடுத்த கிராக் பதிப்புகள் என்பது தொழிலில் உள்ள யாருக்கும் புதிய செய்தியன்று. காசும் கொடுக்காமல், திருட்டுக்கும் போகாமல் வேலை செய்ய வழி உண்டா என்று கேட்பவர்களுக்கு இன்று முதலில் சொல்லப்படும் பெயர் டாவின்சி ரிசால்வ். அதன் இலவசப் பதிப்பை, விளம்பரங்களில் அடுக்கப்படும் ஹாலிவுட் படங்களை விட்டுவிட்டு, முதல் நாள் மாலை வரவேற்பும் மறுநாள் விடியற்காலை முகூர்த்தமுமாக நடக்கும் நம் ஊர்க் கல்யாணத்தைக் கொண்டு இங்கு மதிப்பிடுகிறேன்.

இது எடிட்டிங்குக்கென்று பிறந்த மென்பொருள் அன்று. பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுபடியாகும் விலையில் விற்கப்பட்டுவந்த கலர் கிரேடிங் (காட்சிகளின் நிறத்தைச் சீர்செய்யும்) கருவியை 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது; 2011இல் இலவசப் பதிப்பை வெளியிட்டது; பிறகு கிராபிக்ஸுக்கான ஃப்யூஷனையும் ஒலிக்கான ஃபேர்லைட்டையும் வாங்கி அதே மென்பொருளுக்குள் சேர்த்துவிட்டது. பிறந்த வீட்டின் சாயல் இன்றும் போகவில்லை. கலர் பக்கத்தில் காணும் ஆழம் எடிட் பக்கத்தில் இல்லை. எடியஸில் எந்த வகைக் கோப்பையும் டைம்லைனில் போட்டவுடன் ஓடவிட்டுப் பழகியவருக்கு முதல் சில வேலைகள் எரிச்சலூட்டவே செய்யும்.

ஆனால் அந்தக் கலர் பக்கத்துக்காகவே இதைக் கற்கலாம். நம் மண்டபங்களில் மேடைக்கு மஞ்சள் விளக்கு, பந்திக்கு டியூப் லைட், பின்னால் ஊதாவும் நீலமுமாக மாறிக்கொண்டே இருக்கும் எல்இடி திரை என்று மூன்று வகை வெளிச்சம் ஒரே ஃபிரேமில் விழுகிறது. மணமகளின் முகத்தை மட்டும் ஒரு வட்டத்துக்குள் பிடித்து, அது நகரும்போது தானாகப் பின்தொடரச் செய்து, பின்னணியைத் தொடாமல் முகத்தின் நிறத்தை மட்டும் சரிசெய்யும் வசதி இலவசப் பதிப்பிலேயே முழுமையாக இருக்கிறது. படத்தின் நிறங்களை வரைபடமாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் தோல் நிறத்துக்கென ஒரு கோடு உண்டு. கறுப்போ சிவப்போ, மனிதத் தோலின் நிறச்சாயல் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும், வேறுபடுவது வெளிச்ச அளவுதான். முகத்தை வெளுப்பாக்கித் தரச்சொல்லும் வாடிக்கையாளரிடம் அந்தக் கோட்டைக் காட்டி வாதாடலாம்; ஜெயிப்பது கடினம். முகத்தை மெருகேற்றும் ஃபேஸ் ரிஃபைன்மென்ட், ஸ்டூடியோ எனப்படும் கட்டணப் பதிப்பில் மட்டுமே இருப்பதை ஒரு குறையாக நான் கருதவில்லை.

பல கேமராக்களை ஒலியை வைத்தே ஒத்திசைக்கும் மல்டிகேம் வசதியும் இலவசம். நம் கல்யாணங்களுக்கு இது மிகவும் பொருந்துகிறது, ஏனெனில் நாதஸ்வரமும் தவிலும் எல்லாக் கேமராக்களின் மைக்கிலும் தெளிவாக விழுந்துவிடுகின்றன. கெட்டிமேளம் தொடங்கும் இடம் அலைவடிவத்தில் சுவர் எழுப்பியதுபோல் நிற்பதால், தாலி கட்டும் நொடியைத் தேடி மொத்தப் பதிவையும் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மண்டபத்து மிக்சரிலிருந்து எடுத்த ஒலியில் கேட்கும் மின்சார இரைச்சலை, நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அளவைத் தேர்ந்தெடுத்து ஃபேர்லைட்டின் டீ-ஹம்மர் கொண்டு பெருமளவு குறைத்துவிடலாம்.

இனி, எது கிடைக்காது என்பதைப் பார்க்க வேண்டும். இலவசப் பதிப்பின் எல்லை என்றதும் பலரும் சொல்வது, 3840 x 2160 அளவுக்கு மேல் ரெண்டர் செய்ய (முடித்த வீடியோவைக் கோப்பாக எடுக்க) முடியாது என்பதைத்தான். அது நமக்கு ஒரு பொருட்டே அன்று; பென் டிரைவில் வாங்கிச்சென்று வீட்டு டிவியில் பார்ப்பவர்களுக்கு 4கே தாராளம். நம்மை உண்மையில் நிறுத்தும் வேலிகள் வேறு. முதலாவது, விண்டோஸ் கணினியில் 10 பிட் 4:2:2 முறையில் (நிற விவரங்களைக் கூடுதலாகப் பதியும் முறை) பதிவான எச்.264, எச்.265 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் வடிவங்கள்) கோப்புகளை இலவசப் பதிப்பு காட்டுவதில்லை. ஒலி வரும், படம் வராது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களை வைத்திருக்கும் கேண்டிட் வீடியோக்காரர்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் எடுத்துத் தருகிறார்கள். மேக் கணினியில் இந்தத் தொல்லை இல்லை. லினக்ஸிலோ, இலவசப் பதிப்பு சாதாரண எச்.264 கோப்பைக்கூட ஏற்பதில்லை. இரண்டாவது, இருட்டில் எடுத்த காட்சியில் மொய்க்கும் புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன். மூன்றாவது, விளக்குகள் படபடப்பதைச் சரிசெய்யும் டீஃபிளிக்கர். இவ்விரண்டும் கட்டணப் பதிப்புக்கே உரியவை. இலவசத்தில் போட்டுப் பார்த்தால் படத்தின்மீது வாட்டர்மார்க் விழும். விடியற்காலை மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்பு, சீரியல் செட் விளக்குகள், உறவினர் கைபேசியில் 30 ஃபிரேமில் எடுத்த வீடியோ என்று நம் வேலையின் அன்றாடத் தேவைகள் பலவும் சரியாக அந்த வேலிக்கு அப்பால் போய் அமர்ந்திருக்கின்றன.

இவற்றுள் விளக்குப் படபடப்பை எடுக்கும்போதே தவிர்க்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேமும் ஐம்பதில் ஒரு நொடி ஷட்டரும் வைத்தால் பெரும்பாலான விளக்குகள் அடங்கிவிடும். 10 பிட் சிக்கலுக்கு ஷட்டர் என்கோடர் என்னும் இலவச மென்பொருள் உதவுகிறது. எஃப்எஃப்எம்பெக் என்னும் வடிவமாற்றுக் கருவியை அடித்தளமாகக் கொண்ட இதில், கோப்புகளை இழுத்துப் போட்டு எடிட்டிங்குக்கென உள்ள டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் ரிசால்வ் மறுப்பின்றித் திறக்கும். ஆனால் 4கேயில் ஒரு மணி நேரக் காட்சி ஏறத்தாழ 300 ஜிபி அளவுக்கு வீங்கிவிடுவதால், மூன்று கேமரா கல்யாணம் ஒன்றுக்கே தனி ஹார்ட் டிஸ்க் வாங்க நேரிடும். கைபேசி வீடியோக்களில் ஃபிரேம் வேகம் நிலையாக இல்லாததால் போகப்போக ஒலி விலகுவதையும் இதே மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிச் சரிசெய்யலாம். இந்த ஒரு பயனுக்காகவேனும் ஒவ்வொரு மிக்சிங் கணினியிலும் இது இருக்க வேண்டும்.

ஆகவே, 8 பிட் கேமராவும் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் கார்டும் வைத்திருப்பவருக்கு இலவசப் பதிப்பே போதும். வெளியாரிடமிருந்து 10 பிட் ஃபுட்டேஜ் வாங்கி மிக்சிங் மட்டும் செய்பவர், ஹார்ட் டிஸ்குக்குச் செலவிடும் பணத்தை ஸ்டூடியோ பதிப்புக்குச் செலவிடுவதே முறை. அதன் விலை 295 டாலர். மாதச் சந்தா கிடையாது. ஒரே சாவியை இரண்டு கணினிகளில் இயக்கலாம். இன்றுவரை புதிய பதிப்புகளுக்கு மறுபடி பணம் கேட்டதில்லை. ஒரு சீசன் முகூர்த்தங்களிலேயே எடுத்துவிடக்கூடிய தொகை அது.

தமிழ் டைட்டில் தனியாகச் சொல்ல வேண்டிய சங்கதி. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலை என்எச்எம் கன்வர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், காட்டாமரன் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முக்தா மலர் திரையில் மிகத் தெளிவாக நிற்கிறது. எந்த மென்பொருளானாலும் "சௌபாக்கியவதி", "ஸ்ரீ", "கோ" ஆகியவற்றை முதலில் தட்டெழுதிப் பார்த்து, கொம்பு இடம் மாறாமல் நிற்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே அழைப்பிதழ்ப் பெயர்களைத் தொட வேண்டும். நிற்கவில்லையெனில் இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

கற்பதற்கு யூடியூபில் அலைவதைவிட, பிளாக்மேஜிக் தளத்திலேயே பயிற்சிக் காட்சிகளுடன் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கும் பயிற்சி நூல்கள் மேல். தமிழில் இல்லை என்றாலும் எளிய ஆங்கிலத்தில், ஒவ்வொரு படியாகச் செய்துபார்க்கும் வகையில் எழுதப்பட்டிருக்கின்றன. தரவிறக்கும்போது ஸ்டூடியோ என்ற பெயருள்ள கோப்பைத் தவிர்க்க வேண்டும். அது திறந்தவுடன் சாவி கேட்கும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எடியஸைப் போல ரிசால்வ் ஒவ்வொரு வேலையையும் தனிக் கோப்பாகச் சேமிப்பதில்லை. எல்லாம் ஒரே புராஜெக்ட் லைப்ரரிக்குள் போகின்றன. செய்வதையெல்லாம் அவ்வப்போதே சேமித்துக்கொள்ளும் லைவ் சேவ் இருப்பதால், கோடை மின்வெட்டில் கணினி அணைந்தாலும் வேலை பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அந்த லைப்ரரி வழக்கமாக சி டிரைவிலேயே இருப்பதால், சர்வீஸ்காரர் விண்டோஸை அழித்துப் போட்டால் பாதியில் நிற்கும் ஆல்பம், ஹைலைட்ஸ் எல்லாம் சேர்ந்து போகும். கணினியைக் கடைக்கு அனுப்புமுன் ஒவ்வொரு புராஜெக்டையும் டிஆர்பி கோப்பாக ஏற்றுமதி செய்து, வேறொரு டிஸ்கில் எடுத்து வைத்துவிட வேண்டும்.