மகளுக்கு முதல் மான் ரைஃபிள்: ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், .243

விஸ்கான்சினில் நவம்பர் மான் வேட்டைக்கு முன் 12 வயது மகளுக்கு ரைஃபிள் தேடி அலைந்தபோது ஒரு கடைக்காரர், ‘வளர்ந்த பிறகும் உதவும்’ என்று .300 மேக்னம் என்ற, தோளில் பலமாக உதைக்கும் ரைஃபிள் ஒன்றை எடுத்து நீட்டினார். முதல் வெடியிலேயே தோள் வலித்தால் அடுத்த முறை விசையைத் தொடும் முன்பே பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும், அந்தப் பழக்கத்தைப் போக்குவது பெரும்பாடு, வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

கடைசியில் வாங்கியது ரூகர் அமெரிக்கன் காம்பாக்ட், .243 வின்செஸ்டரில். 1955 முதல் இருக்கும் தோட்டா, இதன் உதை, மான் வேட்டையில் பெரியவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் .30-06 தோட்டாவின் உதையில் ஏறக்குறைய பாதிதான். 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) குண்டு, 100 கெஜத் தூரத்தில் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்டால் போதும். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது, தோளில் பதியும் கட்டையின் நீளம், அதாவது விசையிலிருந்து கட்டையின் பின்நுனி வரை. பெரியவர்களுக்கானது 13.75 அங்குலம், இது 12.5. நீளமான கட்டையைப் பிடிக்கப் பிள்ளை முதுகை வளைத்துக்கொண்டு நிற்கும், கண் ஸ்கோப்புக்கு நேராக வராது. குழலும் 18 அங்குலம்தான், அதனால் சத்தம் காதைப் பிளக்கும், காதுக் கவசம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வேண்டாம்.

மரக்கட்டை அழகெல்லாம் கிடையாது, கட்டை முழுக்க பிளாஸ்டிக். விசையின் அழுத்தத்தை 3 முதல் 5 பவுண்டு வரை மாற்றலாம், நான் குறைக்கவில்லை.

அப்புறம், கோடை முழுக்க, உதையே தெரியாத சிறிய .22 ரைஃபிளில் பழக்கிய பிறகுதான் இதைக் கையில் கொடுத்தேன். பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை வாங்க மறக்காதீர்கள், விஸ்கான்சினில் இடுப்புக்கு மேல் உடையில் பாதியாவது ஆரஞ்சோ ஒளிரும் இளஞ்சிவப்போ இருக்க வேண்டும் என்பது சட்டம், தொப்பி போட்டால் அதற்கும் அப்படித்தான்.