தட்டில் பொறுக்குவதா, தண்ணீரை வடிப்பதா? கொழும்பு நீர்ப்பூச்சிகளும் டிஎன்ஏ பார்கோடும்

போன கிழமை கம்பஸ் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, தண்ணியை அள்ளி வடிகட்டி டிஎன்ஏ எடுத்தாச் சரிதானே, எதுக்கு இந்தப் பூச்சியெல்லாம் ஒவ்வொண்டாப் பொறுக்கவேணும்?" கடைசி வருட ஆய்வுக்குக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள தலங்கமக் குளத்தின் முள்ளந்தண்டிலிகளை எடுத்திருக்கிறான். கையில் ஆறு மாதமும் கொஞ்சக் காசும். கேள்வி நியாயமானதுதான், ஆனால் அன்று வாயால் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று இருந்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. விலங்குகளின் கலத்துக்குள் சக்தி தயாரிக்கும் இழைமணியில் சிஓஐ என்றொரு மரபணு இருக்கிறது. அதில் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை வாசித்தால் பெரும்பாலான விலங்குகளை இனம் பிரித்துவிடலாம் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இருந்த பால் ஹீபர்ட் 2003இல் சொன்னார். சூப்பர்மார்க்கெட் பொருளில் இருக்கும் பட்டைக்குறி மாதிரி என்பதால் பார்கோடு. வாசித்த துண்டுகளைப் பெயரோடு சேர்த்து வைக்கும் பொதுத் தரவுத்தளத்துக்கு போல்ட் என்று பெயர். இந்தத் தரவுத்தளத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு சண்டை எல்லாம் அதில்தான் வந்து முடியும்.

முதலில் பழைய வழி, அதாவது நுணுக்குக்காட்டி. வெள்ளவத்தைக் கால்வாய் ஓரத்தில் வலையைப் போட்டு இழுத்து, வந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டினால் சேறு அடங்கியதும் முதலில் நெளிவது சிவப்புப் புழுக்கள்தான். மீன் தொட்டிக் கடையில் பிளட் வோர்ம் என்று விற்கிறார்களே, அந்த வகைதான். உண்மையில் அது புழு இல்லை, கடிக்காத ஒரு நுளம்புக் கூட்டத்தின் குடம்பி. கைரோனமிட் என்பார்கள். ஒட்சிசன் குறைந்த சேற்றில் தாக்குப்பிடிக்க உடம்பில் ஹீமோகுளோபின் வைத்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. குடும்பப் பெயரைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். இனத்தைச் சொல்லவேண்டுமென்றால் கதை வேறு: தலையை வெட்டி எடுத்து, தாடை மேலே பார்க்கிற மாதிரிக் கண்ணாடித் தகட்டில் படுக்கவைத்து, கீழ்த்தாடைத் தகட்டின் பற்களை எண்ணவேண்டும். ஒரு மில்லிமீற்றரும் வராத தலை. அது ஒரு பக்கம் சரிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இவ்வளவும் செய்தும் பல நேரம் பேரினத்தோடு நின்றுவிடவேண்டியதுதான், ஏனென்றால் வளர்ந்த ஆண் பூச்சியைப் பார்த்துத்தான் நிறைய இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், குடம்பிக்கு விவரணமே இருக்காது.

நம் நாட்டு நன்னீர் விலங்குகளுக்கு மெண்டிஸும் பெர்னாண்டோவும் 1962இல் போட்ட வழிகாட்டியை இன்றும் ஆட்கள் பிரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அது அந்த நூலின் பெருமை, நம்முடைய சோம்பேறித்தனம், இரண்டும்தான்.

ஆனாலும் கண்ணைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். தண்ணீர் அழுக்கா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் குடும்பம் வரைக்கும் போதும். பிரித்தானியாவில் உருவான பிஎம்டபிள்யூபி புள்ளிமுறை குடும்பத்துக்குத்தான் புள்ளி கொடுக்கிறது, கைரோனமிட்டுக்கு 2, சுத்தமான ஓடையில் வாழும் சில மேஃப்ளைக் குடும்பங்களுக்கு 10. இதற்கு டிஎன்ஏ தேவையே இல்லை. இன்னொன்று, ஆப்பிள் நத்தை. மீன் தொட்டி வியாபாரத்தோடு வந்து நம் குளங்களில் இறங்கிவிட்ட வெளிநாட்டு பொமேசியாவும் உள்ளூர் பிலா நத்தையும் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. எடுத்துத் திருப்பி வாய் மூடியை நகத்தால் தட்டிப் பாருங்கள். பிலாவுக்குச் சுண்ணாம்புபோல் கல்லுக் கல்லாக இருக்கும், பொமேசியாவுக்கு நகம் மாதிரி வளையும். முடிந்தது. பத்து விநாடி, செலவு பூச்சியம். இதை எந்த இயந்திரமும் வெல்லாது.

சரி, அடுத்தது ஒரு விலங்கு, ஒரு குழாய், ஒரு பார்கோடு. தும்பிக் குடம்பியின் ஒரு காலை மட்டும் சாவணத்தால் பிடுங்கி டிஎன்ஏ பிரித்து, பிசிஆர் செய்து (அதாவது வேண்டிய துண்டை மட்டும் ஏராளமாகப் பிரதியெடுத்து), ஜெல்லில் ஓடவிட்டுப் பட்டை தெரிகிறதா என்று பார்த்து, வாசிக்க அனுப்புவது. மிச்ச உடம்பு எதனோலில் பத்திரமாக இருக்கும். இந்த "மிச்ச உடம்பு" என்பதில்தான் எனக்கு இந்த வழி மேல் உயிர். முடிவு விசித்திரமாக வந்தால் போத்தலைத் திறந்து மறுபடி பார்க்கலாம். கைரோனமிட்டுக்கு இன்னும் அழகு, தலை தகட்டுக்கு, உடல் குழாய்க்கு. ஒரே பூச்சிக்கு இரண்டு சாட்சி.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை இது பிரித்துக் காட்டும் விதமும் அசாத்தியம். அமெரிக்காவின் வரண்ட பகுதி ஊற்றுகளில் ஹையலெல்லா அஸ்டெக்கா என்று ஒரே பெயரில் அழைத்துவந்த சின்ன இறால்போன்ற உயிரியை 2006இல் பார்கோடு செய்தபோது குறைந்தது 33 இனங்கள் இருக்கலாம் என்று வந்தது. ஒவ்வொரு ஊற்றும் தனித் தீவு. நம் நன்னீர் நண்டுகளை நினைத்துப் பாருங்கள். ஐம்பதுக்குக் குறையாத இனங்கள், கிட்டத்தட்ட எல்லாமே இலங்கையில் மட்டும் உள்ளவை, அவற்றைப் பிரிக்க ஆண் நண்டின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் முதல் இனப்பெருக்கக் காலைத்தான் பார்க்கவேண்டும். அப்படியானால் பெண் நண்டையும் குஞ்சையும் என்ன செய்வது? அங்கேதான் பார்கோடு கைகொடுக்கும்.

குறைகள்? காசும் நேரமும். இரண்டு பக்கமிருந்தும் வாசித்தால் ஒரு பூச்சிக்கு இரண்டு வாசிப்பு, நூறு பூச்சிக்கு இருநூறு. பிசிஆரில் துண்டின் முனைகளில் ஒட்டிப் பிரதியெடுப்பைத் தொடக்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டுக்குப் பிரைமர் என்று பெயர்; 1994இல் வந்த ஃபோல்மர் பிரைமர் சில கூட்டங்களில் ஒட்டவே மாட்டாது, ஜெல்லில் வெறும் இருட்டுத்தான். நத்தைகளில் ஒரே இனத்துக்குள்ளேயே வேறுபாடு எக்கச்சக்கம், அதனால் இரண்டு மூன்று சதவீதம் தாண்டினால் வேறு இனம் என்ற வழக்கமான கணக்கு அங்கே எடுபடாது. வொல்பாக்கியா பக்டீரியா தொற்றிய பூச்சிகளில் இழைமணி வரலாறே குழம்பிவிடும், சிஓஐ சொல்வதை அப்படியே நம்பமுடியாது. என் சொந்த முட்டாள்தனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதல் வருடம் நாற்பது போத்தலைப் போர்மலினில் போட்டுவிட்டேன், பழைய பழக்கத்தில். பார்க்க அத்தனை அழகாக இருந்தன, டிஎன்ஏ ஒன்றிலும் உருப்படியாக வரவில்லை. போர்மலின் டிஎன்ஏயைக் கட்டிப்போட்டு நொறுக்கிவிடும். 95 சதவீத எதனோல், அதையும் அடுத்த நாள் ஒருமுறை மாற்றவேண்டும், ஏனென்றால் உடம்பில் இருக்கும் தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும்.

மூன்றாவது மெட்டாபார்கோடிங். தட்டில் வந்த எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து, ஒரே குழம்பாக்கி, டிஎன்ஏ எழுத்துகளை வாசிக்கும் பெரிய வரிசையாக்கியில் போட்டு இலட்சக்கணக்கான துண்டுகளை வாசிப்பது. பொறுக்கும் வேலை இல்லை. இருபது இடங்களை ஒரே மூச்சில் ஒப்பிடலாம், பெத்தகான, பெல்லன்வில அத்திடிய என்ற இரண்டு சதுப்பு நிலங்களும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால் இதைவிட வேகமாகச் சொல்ல ஆளில்லை. ஆனால் இந்த இயந்திரங்கள் குட்டையாக வாசிப்பதால் முழு 658 கிடைக்காது, 313 எழுத்துத் துண்டோடு சமாளிப்பது வழக்கம். எத்தனை பூச்சி என்றும் கேட்கக்கூடாது. ஜெர்மனியில் எல்பிரெக்டும் லீஸும் 2015இல் ஏறக்குறைய ஒரே எடையில் 52 வகை நன்னீர் விலங்குகளைச் சேர்த்துப் பரிசோதித்தார்கள். 83 சதவீதம்தான் கண்டுபிடிபட்டது, அதிலும் ஒன்றுக்கொன்று வாசிப்பு எண்ணிக்கை பத்தாயிரம் மடங்கு வரை மாறியது. காரணம் பிரைமருக்கு ஒட்டப் பிடித்தவையும் பிடிக்காதவையும் இருப்பது. அரைத்த பிறகு "அந்த நாற்பத்திரண்டாவது என்ன?" என்று திரும்பிப் பார்க்கவும் வழியில்லை, சட்னியிலிருந்து தேங்காயை எடுக்கமுடியாது.

இந்த இடத்தில்தான் முதலில் சொன்ன போல்ட். தலங்கமத் தட்டு ஒன்றை அரைத்து வாசித்தால் கணினி பட்டியல் தரும். ஆனால் அதில் பாதிக்கு "கைரோனமிட், இனம் தெரியவில்லை" என்றோ வெறும் எண்ணோ வந்தால் என்ன செய்வது? ஐரோப்பாவில் வருடக்கணக்காகப் பூச்சி பூச்சியாகப் பார்கோடு செய்து அந்த அகராதியை நிரப்பியிருக்கிறார்கள், அதனால் அங்கே மெட்டாபார்கோடிங் பேசுகிறது. நம் தாழ்நிலக் குளங்களின் பக்கங்கள் இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன. அகராதி இல்லாத ஊரில் வேகமாக வாசித்து என்ன பயன்?

தம்பி கேட்ட நான்காவது வழி சுற்றாடல் டிஎன்ஏ. விலங்கையே தொடாமல், அது தண்ணீரில் விட்டுப்போன தோல், சளி, எச்சம் ஆகியவற்றிலிருந்து எடுப்பது. கேட்க மந்திரம் மாதிரி இருக்கும். பேர வாவியில் செய்து பார்த்தால் மந்திரம் பாதியில் நிற்கும்: பச்சைப் பாசித் தண்ணீரை ஊசிக்குழாயில் எடுத்து வடிகட்டியில் அழுத்த, முதல் ஐம்பது மில்லிலீற்றர் இறங்கும், அடுத்ததில் பெருவிரல் வலிக்கும், அதற்கு அடுத்ததில் வடிகட்டி கஞ்சி மாதிரி அடைத்து நிற்கும். வடிந்ததிலும் பெரும் பகுதி பாசியும் பக்டீரியாவும். பூச்சிக்கென்று போட்ட சிஓஐ பிரைமர் அவற்றையும் சந்தோஷமாகப் பெருக்கும், நாம் தேடியவற்றுக்குச் சொற்ப வாசிப்புத்தான் மிஞ்சும். கடினமான ஓடுள்ள பூச்சிகள் டிஎன்ஏயை அதிகம் விடுவதுமில்லை. நம் வெயிலில் விட்டது சீக்கிரம் சிதைந்தும் போகும்.

ஆற்றில் இன்னொரு சிக்கல். சுவிட்சர்லாந்தின் கிளாட் ஆற்றில் 2014இல் ஒரு சிப்பியின் டிஎன்ஏ ஒன்பது கிலோமீற்றருக்கும், டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளுடையது பன்னிரண்டு கிலோமீற்றருக்கும் கீழே அகப்பட்டது. அப்படியென்றால் களனிப் பாலத்தடியில் அள்ளிய போத்தல் பாலத்தடியைப் பற்றிப் பேசுகிறதா, மேலே அம்பத்தலைப் பக்கத்தைப் பற்றியா? முழு ஆற்றுப்படுகையையும் ஒரே போத்தலில் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இது வரம், இந்த இடத்தில் எது வாழ்கிறது என்று கேட்பவருக்குத் தலையிடி. ஆனால் ஒரே ஒரு இனத்தைக் குறிவைத்துத் தேடும்போது, உதாரணமாகப் பொமேசியா இந்தக் கால்வாய்க்குள் வந்துவிட்டதா என்று பார்க்க, சுற்றாடல் டிஎன்ஏயை நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். மூடியைத் தட்டிப்பார்க்க நத்தை கையில் கிடைத்தால்தானே.

எனக்குப் பிடித்தது இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும், மடிக்கணினியில் செருகும் மினயன் என்ற, டிஎன்ஏ வாசிக்கும் நானோபோர் கருவி வந்த பிறகு, ஒவ்வொரு பூச்சியின் பிசிஆருக்கும் தனி அடையாளத் துண்டு ஒட்டி, நூற்றுக்கணக்கானவற்றை ஒன்றாக வாசிக்கலாம், முழு 658உம் கிடைக்கும், பூச்சியும் போத்தலில் இருக்கும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருந்த ருடால்ஃப் மையரின் குழு இதையே தலைகீழாகச் செய்தது: முதலில் எல்லாவற்றையும் மலிவாகப் பார்கோடு செய், ஒரே மாதிரி வந்தவற்றைக் கூட்டமாகப் பிரி, பிறகு கூட்டத்துக்கு இரண்டு மூன்றை மட்டும் நுணுக்குக்காட்டியில் பார். பற்களை ஐந்நூறு தடவை எண்ணுவதற்குப் பதிலாக முப்பது தடவை எண்ணினால் போதும். வாசிப்பில் பிழைகள் வரும், அதைத் திருத்த மென்பொருள் பழகவேண்டும், அது ஒரு மாத வேலை. வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்ப வேண்டியதில்லை என்பதால் அந்த அனுமதிப் பத்திர அலைச்சலும் இல்லை. சேகரிக்கும் இடம் சரணாலயம் என்றால் வனஜீவராசிகள் திணைக்கள அனுமதி எப்படியும் வேண்டும், அதை முதல் மாதமே போட்டுவிடுங்கள்.

தம்பிக்கு இதையே சொன்னேன்: தண்ணீர் வடிப்பதை விடு, தலங்கமவில் மூன்று இடம், கைரோனமிட்டும் தும்பியும் மட்டும், தலைகீழ் முறை. முகம் கொஞ்சம் வாடியது, அரைத்துப் போடுகிற பெரிய இயந்திரத்தில்தான் அவனுக்கு ஆசை. நேற்று முதல் இருபது போத்தலைக் கொண்டுவந்து காட்டினான். எதனோல் சரி, மூடி இறுக்கம் சரி. லேபலைப் பேனையால் எழுதியிருந்தான். ஏழு போத்தலில் இடப்பெயர் ஏற்கெனவே நீலமாகக் கரைந்து போயிருந்தது. பென்சில் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.