செங்கல் வளைவுப் பாலங்களுக்கான ஒளியிழைக் கண்காணிப்புச் சேவை: ஒரு மதிப்பீடு

நூற்றாண்டைக் கடந்த செங்கல் வளைவு ரயில் பாலங்களில் ஒளியிழை உணரிகளைப் பொருத்தி, ஓராண்டு கண்காணித்து, முடிவில் கணினி மாதிரியுடன் அறிக்கை தரும் ஒரு சேவையைப் பயன்படுத்திப் பார்த்ததன் பேரில் இதை எழுதுகிறேன். அளவீட்டுப் பகுதிக்குத் தயங்காமல் பணம் கொடுக்கலாம். மாதிரிப் பகுதியை, மூலத்தரவு முழுவதும் கைக்கு வந்த பிறகே எடைபோட வேண்டும்.

கண்ணால் பார்த்துச் செய்யும் ஆய்வு விரிசல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, ரயில் கடக்கும்போது அந்த விரிசல் என்ன செய்கிறது என்பதைச் சொல்லாது. அகலமான ஒரு விரிசல் பல பத்தாண்டுகளாக அசையாமல் இருக்கலாம். மயிரிழை போன்ற மற்றொன்று ஒவ்வொரு அச்சுக்கும் திறந்து மூடலாம். செங்கற்கட்டு இழுவிசையைத் தாங்காது, அழுத்தத்தில் நொறுங்காது, கற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காது என்னும் மூன்று அனுமானங்களை வைத்துப் பொறியாளர் ஹேமன் 1966இல் வகுத்த கோட்பாட்டின்படி, உந்துவிசைக் கோடு, அதாவது சுமை வளைவின் வழியே இறங்கும் பாதை, வளைவின் தடிமனுக்குள் அடங்கும்வரை பாலம் நிற்கும். ஆனால் அது சரிவுச்சுமைக்கான, அதாவது எந்தச் சுமையில் பாலம் இடியும் என்பதற்கான விடை. அன்றாடப் போக்குவரத்தில் செங்கல் வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதையும், பக்கச் சுவர் வளைவிலிருந்து விலகுவதையும் அறிய அளந்துதான் பார்க்க வேண்டும்.

இச்சேவையில் வளைவின் அடிப்பரப்பில் ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் இழை பற்றிகளால் இறுக்கப்படுகிறது. ஒரே செங்கல்லில் ஒட்டப்படும் சிறிய திரிபுமானி (திரிபு என்பது நீளம் எந்த விகிதத்தில் மாறுகிறது என்ற அளவு) அந்தச் செங்கல்லின் கதையை மட்டுமே சொல்லும். இந்த இழையோ பல செங்கற்களையும் சாந்து மூட்டுகளையும் சேர்த்துச் சராசரித் திரிபைத் தருவதால், இடையிலுள்ள விரிசல் திறப்பதும் கணக்கில் வந்துவிடுகிறது. இழைக்குள் பொறித்த பிராக் கீற்றணி (குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் நுண்கோடுகளின் வரிசை) திருப்பி அனுப்பும் ஒளியின் அலைநீளம், 1550 நானோமீட்டர் அருகில், ஒரு மைக்ரோ திரிபுக்கு, அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்துக்கு, ஏறத்தாழ 1.2 பிக்கோமீட்டர் நகர்கிறது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலோ ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் நகர்கிறது. அதாவது ஒரு டிகிரி வெப்பம், திருத்தாமல் விட்டால், எட்டு மைக்ரோ திரிபுபோல வேடமிடும். ரயில் சில நொடிகளில் கடந்துவிடுவதால் அந்த வேளையில் இது பொருட்டல்ல. பருவந்தோறும் நிகழும் மெதுவான நகர்வைப் பார்க்கும்போது இதுவே எல்லாம். வெப்பநிலைக்கென விசையற்ற தனி இழையைக் கூடவே ஓட்டியிருப்பது இச்சேவையில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

கேமரா மூலம் இடப்பெயர்ச்சி அளக்கும் வசதியும் உண்டு. கம்பியோ பற்றியோ இல்லாமல் தொலைவிலிருந்து அளக்கலாம் என்றாலும், காற்றும் வெயிலின் அலையலான நடுக்கமும் மில்லிமீட்டரின் சிறு பின்னங்களை விழுங்கிவிடுகின்றன. குறுகிய கால ஒப்புநோக்குக்குப் போதும்.

உண்மையான சிக்கல் சுமையில் இருக்கிறது. இன்று கடந்த ரயில் நேற்றையதைவிடக் கனமாக இருந்தால் திரிபும் கூடும். அதைப் பாலம் தளர்ந்ததற்கான அறிகுறியாக எடுத்துக்கொண்டால் வீண் பீதிதான் மிஞ்சும். இச்சேவை, அச்சுகளின் இடைவெளியைக் கொண்டு ரயிலின் வகையைப் பிரித்தறிந்து, வேகத்தையும் கணக்கிட்டு, ஒரே வகை ரயில்களை ஒரே வெப்பநிலைப் பட்டையில் மட்டும் ஒப்பிடுகிறது. கோடையில் செங்கல் விரிந்து விரிசல்கள் இறுகுவதால் அதே ரயில் குறைவான அசைவையும், குளிரில் கூடுதல் அசைவையும் காட்டக்கூடும். ஆகவே ஒரு முழுப் பருவச்சுழற்சி முடியாமல் போக்கு பற்றிப் பேசவே கூடாது. சேவையாளர்கள் இதில் காட்டிய பொறுமை பாராட்டுக்குரியது.

அந்தப் பொறுமை மாதிரியில் காணாமற்போனதுதான் வியப்பு. அறிக்கையில் இருந்த ஃபைனைட் எலிமெண்ட் மாதிரி (பாலத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரி) அளவீட்டோடு அழகாகப் பொருந்தியது. ஆனால் எப்படிப் பொருந்தியது என்று கேட்டபோதுதான், வளைவின் விறைப்பு, நிரப்பு மண்ணின் விறைப்பு, தூண்தலையின் சுழற்சி மூன்றையும் ஒருசேரத் திருகிப் பொருத்தியது தெரிந்தது. விறைப்பான வளைவும் தளர்ந்த மண்ணும் தரும் அதே உச்சி இடப்பெயர்ச்சியை, தளர்ந்த வளைவும் விறைப்பான மண்ணும் தர முடியும். பொருந்துகிறது என்பதாலேயே சரி என்றாகிவிடாது. துளையிட்டு மண்ணை எடுத்துச் சோதித்து அதன் தன்மையை அறிந்து, இம்மூன்றில் ஒன்றின் மதிப்பையாவது உறுதிசெய்திருக்க வேண்டும். அல்லது பொருந்தும் பல மாதிரிகளையும் பக்கத்தில் பக்கமாகக் காட்டியிருக்க வேண்டும். ஒரே வண்ணப்படத்தை மட்டும் தந்தது, பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குபவரை அளவுக்கு மீறி நம்ப வைக்கிறது.

எச்சரிக்கை வரம்புகளும் அந்த மாதிரியிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. அவற்றை நீக்கிவிட்டு, பாலத்தின் முந்தைய ஆண்டு நடத்தையையே அளவுகோலாக வைக்கச் சொன்னேன். மறுக்காமல் செய்து தந்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர்கள், ஒவ்வொரு ரயிலின் மூலத்தரவும் திருத்தப்படாத வடிவில் தங்களுக்குச் சேரும் என்ற வரியையும், இழை அறுந்தால் எத்தனை நாளில் மாற்றப்படும் என்ற வரியையும் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளவும். வழக்கமான ஒப்பந்தப் படிவத்தில் இரண்டுமே இல்லை.