வாய்ஸ் பாட் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்: 45,000 ரூபாய் போனது

ஈரோட்டில் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். காலையில் ரத்தம் எடுக்கிற நேரத்தில்தான் போன் விடாமல் அடிக்கும். அதற்காக, போனை எடுத்துத் தானாகவே தமிழில் பதில் சொல்லும் வாய்ஸ் பாட் என்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை ஒரு சாப்ட்வேர் கம்பெனியிடம் வாங்கினேன். 45,000 ரூபாய், மொத்தமும் முன்பணம்.

அவர்கள் ஆள் நேரிலேயே வந்தார். லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போனை என் மனைவியிடம் கொடுத்தார். "சுகர் டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துல வரோணுங்களா?" என்று கேட்டாள். "ஆமாங்க, எட்டு மணி நேரம் சாப்பிடாம வாங்க, தண்ணி குடிக்கலாம்" என்று டக்கென்று பதில் வந்தது. "உங்க போன் லைன்லயும் இதே மாதிரி பேசுமுங்க அக்கா" என்றார். அங்கேயே பணத்தை அனுப்பிவிட்டோம்.

லைனில் மாட்டியதும் எதைக் கேட்டாலும் "மன்னிக்கவும், மறுபடி சொல்லுங்கள்" மட்டும்தான். வயதான ஓர் அம்மா "தைராய்டு, தைராய்டு" என்று கத்திப் பார்த்துவிட்டு வேறு லேபுக்குப் போய்விட்டார்.

கம்பெனியைக் கேட்டால் முதலில் "உங்க நெட் ஸ்லோ சார்". நெட்டை மாற்றினேன். அப்புறம் "ரவுட்டர்ல சிப் ஏஎல்ஜியை ஆஃப் பண்ணுங்க" (நெட் வழியாக வரும் போன் கால்களில் ரவுட்டர் தலையிடுகிற ஒரு செட்டிங்காம்). பண்ணினேன். கடைசியில் சொன்னார்கள் பாருங்கள்: "உங்க கஸ்டமர் பேசுற கொங்குத் தமிழ் அதுக்குப் புரியாது சார்." அன்றைக்கு என் மனைவி வேறு எந்தத் தமிழில் பேசினாளாம்?

அக்கா பையன் கால் சென்டர் டெக்னிக்கல் பிரிவில் இருக்கிறான். அந்த பாட் புரோகிராமுக்குப் போய்ச் சேர்ந்த குரலின் பதிவை எடுத்துப் போட்டுக் காட்டினான். எல்லாக் குரலும் இரட்டை வேகத்தில், கீச்சுக் கீச்சென்று! சாதாரண போன் லைனில் குரல் நொடிக்கு 8,000 சாம்பிளாக, அதாவது ஒலியை அளந்தெடுத்த 8,000 துளிகளாக வருகிறது. இவர்கள் புரோகிராம் அதை 16,000 என்று வைத்துப் படிக்கிறது. லேப்டாப் மைக் 16,000 கொடுத்ததால் டெமோவில் மட்டும் ஜோராக ஓடியிருக்கிறது. ஒரு செட்டிங்கைத் திருத்தினால் முடிகிற வேலை. இதைப் பதிவோடு கம்பெனிக்கு அனுப்பினேன். "டிக்கெட் போட்டாச்சு", அதாவது புகாரைப் பதிந்தாயிற்று என்றார்கள். பிறகு "சப்போர்ட் காலம் முடிஞ்சிருச்சு". பணத்தைக் கேட்டால் "இன்ஸ்டலேஷன் சார்ஜ் ரீஃபண்ட் ஆகாது". 45,000 ரூபாய்! இப்போது போனையே எடுப்பதில்லை.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். டெமோவை உங்கள் சொந்த நம்பரில், பட்டன் போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். பாட் கேட்கிற குரலின் பதிவைத் தரச் சொல்லுங்கள். லைனில் ஓடும்வரை பாதிப் பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். 0 அழுத்தினால் மனிதருக்குப் போகிற வழி கட்டாயம் வேண்டும். லேப், கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கே அனுப்புங்கள். அதே ஆள் இப்போது பல் ஆஸ்பத்திரிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.