எலும்புப் பொடி என்றால், எந்த எலும்பு என்று கேளுங்கள்

கீழ்த்தாடையில் கடைவாய்ப்பல் பிடுங்கி ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் அந்த இடத்தில் இம்ப்ளான்ட் (தாடையெலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கலாம் என்று எங்கள் பகுதியில் புதிதாகத் திறந்த, ஏசியும் காபி மெஷினுமாக இருந்த ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். ஓபிஜி எக்ஸ்ரே (முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரிவது) ஒன்று எடுத்துவிட்டு, "எலும்பு கரைஞ்சு போச்சு சார், போன் கிராஃப்ட் பண்ணித்தான் ஆகணும், அது தனியா 22,000" என்றார்கள். போன் கிராஃப்ட் என்றால் எலும்பு குறைந்த இடத்தில் வேறு எலும்போ அதற்கு மாற்றோ வைத்து நிரப்புவது. கரைந்தது பொய்யில்லை. பல் எடுத்த முதல் வருடத்திலேயே எலும்பின் அகலம் பாதி வரை குறையலாம். ஆனால் ஓபிஜியில் உயரம்தான் தெரியும், அகலத்தைப் பார்க்க சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன். "போன் பவுடர்தான் சார், இம்போர்ட்டட்." அவ்வளவுதான். கிராஃப்ட், இம்ப்ளான்ட் இரண்டும் ஒரே நாளில் முடிந்தது.

ஐந்தாம் நாள் வாய் கொப்பளித்தால் வாஷ்பேசினில் பொடி உப்பு மாதிரி வெள்ளைத் துகள்கள், விரலில் எடுத்து நசுக்கினால் நறநறவென்கிறது. போன் செய்தேன், "நார்மல் சார்" என்றது ரிசப்ஷன். ஒன்றிரண்டு துகள் வருவது சகஜம்தானாம். எனக்கோ தையல் பிரிந்து ஈறு திறந்து கிடந்தது, அதை வரச்சொல்லிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலு மாதத்தில் இம்ப்ளான்ட் ஆடியது. வேறொரு டாக்டர் சிபிசிடி எடுத்துப் பார்த்து, அதைக் கழற்றிவிட்டு, "என்ன மெட்டீரியல் போட்டாங்க?" என்று கேட்டார். பழைய கிளினிக்கில் நச்சரித்து ஃபைலை வாங்கினால் லாட் நம்பர் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) இல்லை, ஒன்றும் இல்லை. நான் அவசரத்தில் கையெழுத்துப் போட்ட ஆங்கிலப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வார்த்தை மட்டும். மாட்டெலும்பு.

மாட்டெலும்பைச் சுத்திகரித்துத்தான் உலகம் முழுக்க வைக்கிறார்கள், அதில் குற்றம் இல்லை. ஆனால் சொல்லியிருக்க வேண்டாமா? நாங்கள் சைவம். நம் தாடையிலிருந்தே எடுத்து வைக்கலாம், தானம் பெற்ற மனித எலும்பு உண்டு, செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டும் உண்டு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கிராஃப்ட் பாட்டிலோடு லாட் நம்பரும் காலாவதித் தேதியும் போட்ட ஸ்டிக்கர் வரும். சீல் வைத்த பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லி, அந்த ஸ்டிக்கரை ஃபைலில் ஒட்டவைத்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், இலவசமாக மறுபடி வைத்துத் தருகிறோம் என்கிறார்கள். அதே பவுடரா என்று கேட்டேன். பார்த்துச் சொல்கிறார்களாம்.